லோரி அண்ணனை அனுப்புங்கள்

காரை நிறுத்தி இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் நிமிர்ந்தபோது தேவகி அம்மா என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார், காரின் மறுபக்கக் கதவு திறக்கிறதா என்று. அது திறக்கவில்லை. அந்த இருக்கையில் என் தண்ணீர் போத்தல் மட்டும்தான் இருந்தது.

"அந்த லோரி தம்பி வரலையா?"

"இன்னிக்கு நான்தான் ஆன்டி."

"ஓ. வாங்க வாங்க. உக்காருங்க."

அந்த "ஓ" இருக்கிறதே, அதை நான் வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து கோலா சிலாங்கூர் திரும்பும் பாதையில் செம்பனை வரிசை வரிசையாக ஓடிக்கொண்டே இருந்தது, அந்த "ஓ"வும் கூடவே ஓடி வந்தது. பாதி வழியில்தான் அந்த எண்ணம் எனக்கே தெளிவானது: ஜெபத்தைப் பற்றி எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. அது என்னவென்று கண்டுபிடித்து, அதை நான் எடுத்துக்கொள்ளவேண்டும். கவனியுங்கள், கற்றுக்கொள்ளவேண்டும் என்று தோன்றவில்லை. எடுத்துக்கொள்ளவேண்டும் என்றுதான் தோன்றியது. பிறந்ததிலிருந்து சபைக்குப் போகிறவள் நான். ஜெபத்தைப் பற்றி எனக்கு வந்த முதல் சொந்த எண்ணம் பொறாமையில் வந்தது.

வீடு சந்திப்புப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் இதை எழுதுகிறேன். மூன்று வருடம் அந்தப் பொறுப்பில் இருந்துவிட்டு விலகியிருக்கிறேன். அடுத்த மாதம் இறையியல் படிக்கப் போகிறேன். இருபத்தொன்பது வயதில் பணி அனுபவம் என்று எழுத உட்காருவது எனக்கே கொஞ்சம் சிரிப்பாக இருக்கிறது. பாஸ்டரிடம் அதைச் சொன்னேன். "நீ நல்லா செஞ்சத எழுதாத. கெடுத்தத எழுது. அதுதான் அவங்களுக்கு உதவும்" என்றார். அப்படியென்றால் சரக்கு நிறைய இருக்கிறது. எந்தக் கிழமை எந்தத் தோட்டம், யார் வீட்டில் நாய் கடிக்கும் என்பதெல்லாம் கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பில் எழுதாத ஒன்றை இங்கே சொல்கிறேன்.

லோரி அண்ணனின் பெயரைப் போடப்போவதில்லை, அவர் கூச்சப்படுவார். சுங்கை பெசாரில் நெல் லோரி ஓட்டுகிறார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை விட்டவர். சனிக்கிழமை லோரிக்கு வேலை இல்லாவிட்டால் நம்மோடு வீடு சந்திக்க வருவார், அவ்வளவுதான். சம்பளம் கிடையாது, பதவி கிடையாது, பைபிள் வகுப்புக்குக்கூட ஒழுங்காக வந்ததில்லை.

நானோ தொடர்பியல் பட்டதாரி. பேசுவதற்கென்றே படித்தவள். ஜெபம் செய்ய வாயைத் திறந்தால் எனக்கு வார்த்தை அருவி மாதிரி வரும். "கிருபையின் ஆசனத்தண்டையில்" என்று ஆரம்பித்தால் "ஆமென்" வரைக்கும் ஒரு இடறல் இருக்காது. கூட இருப்பவர்கள் நடுநடுவே ஸ்தோத்திரம் சொல்லுவார்கள். எந்த இடத்தில் சொல்லுவார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும், அங்கே ஒரு மூச்சு இடைவெளி விடுவேன். இதை எழுதும்போது முகம் சுடுகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

பணிக்கு வந்த புதிதில், மக்கள் ஜெபக் குறிப்புகளை அனுப்புவதற்கு ஃபோனிலேயே நிரப்புகிற மாதிரி ஒரு படிவம் செய்தேன். உடல்நலம், வேலை, படிப்பு, குடும்பம், மற்றவை என்று பிரித்தேன். கடைசியில், கெட்டிக்காரத்தனமாக, "யார் வரவேண்டும்?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்தேன். நானே வைத்த கேள்வி அது. இரண்டு மாதத்தில் அந்தப் பத்தி முழுக்க ஒரே பதில். லோரி அண்ணன். லோரி பிரதர். லோரிக்காரர். ஒருவர் வெறும் லோரிப் படம் மட்டும் போட்டிருந்தார். படிவத்தை மேம்படுத்துகிறேன் என்று சொல்லி அந்தக் கேள்வியை எடுத்துவிட்டேன்.

அவர் ஜெபம் செய்வதை முதன்முதலில் நான் பார்த்தது தேவகி அம்மாவின் பக்கத்து வீட்டில். அது நான் சொன்ன "ஓ"வுக்கு ஒரு மாதம் முன்பு. அந்த வீட்டில் இருப்பவர் எஸ்தர் ஆன்டி, நம் சபைக்காரர். பழைய லயம் அது, தோட்டத்து வரிசை வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரை போகாது. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் பதில் வரும்.

லோரி அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன கேக்கணும் ஆன்டி?"

"எதக் கேக்குறீங்க?"

"ஆண்டவர்கிட்ட. என்ன கேக்கணும்?"

எஸ்தர் ஆன்டி கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டு, "என் மருமக இந்த வீட்டவிட்டுப் போயிரணும்" என்றார்.

நான் குறுக்கே பாய்ந்து எதையாவது சொல்லி அதை மூடப்பார்த்தேன். லோரி அண்ணன் அசையவில்லை. "சரி. சொல்லுங்க" என்றார். எஸ்தர் ஆன்டி நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். "ஆண்டவரே, அவ போயிரணும். அவ அம்மா வீட்டுக்கே போயிரணும். போயிட்டா…" என்று சொல்லி நின்றுபோனார். பிறகு, "போயிட்டா எனக்கு யாரு ஆண்டவரே ஊசி போடுவா" என்று அழ ஆரம்பித்தார். சர்க்கரை நோய்க்கு அவருக்குத் தினமும் ஊசி போடுவது அந்த மருமகள்தான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. லோரி அண்ணன் "ஆமென்" என்றார். அவ்வளவுதான் அவருடைய ஜெபம். ஒரு வேத வசனம்கூட இல்லை.

அன்று நான் என் ஃபோன் குறிப்பில் எழுதியது: "உபதேசம் பலவீனம். ஆனால் வேலை செய்கிறது. ஏன்?" அதன்பிறகு அவர் வருகிற வீடுகளுக்கெல்லாம் போய் கவனித்தேன், ஒரு திருடி கடையை நோட்டம் விடுவதுபோல. எத்தனை விநாடி பேசாமல் இருக்கிறார், கையை எங்கே வைக்கிறார், கண்ணை எப்போது மூடுகிறார் என்று எல்லாவற்றையும் குறித்தேன். பிறகு தஞ்சோங் காராங்கில் ஒரு வீட்டில் நானும் அந்த மௌனத்தைப் போட்டுப் பார்த்தேன். தலையைக் குனிந்து நாற்பது விநாடி என்று எண்ண ஆரம்பித்தேன். முப்பதில் அந்த வீட்டு அம்மா என் தோளைத் தொட்டு, "சிஸ்டர், காலையில சாப்பிடலையா? தண்ணி கொண்டாரவா?" என்று கேட்டார்.

இப்போது அந்த "ஓ" நாளுக்கு வருகிறேன்.

தேவகி அம்மா நம் சபைக்காரர் இல்லை, எஸ்தர் ஆன்டி மூலமாகத்தான் ஜெபத்துக்குக் கூப்பிட்டிருந்தார். கூடத்தில் முருகன் படம், அதற்கு முன்னால் விளக்கு. செம்பனை நாற்று மேடையில் வேலை. கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகன் சுரேன், இருபத்து நான்கு வயது. போதைப்பொருள் பழகி, வீட்டிலிருந்து போய்விட்டான். தோட்டத்துக்குள் ஒரு பழைய பம்புக் கொட்டகை இருக்கிறது. அங்கேதான் படுத்துக்கொள்வான். சாப்பாட்டை ஒரு பாத்திரத்தில் போட்டு, வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் வந்துவிடுவார். மறுநாள் பாத்திரம் காலியாக இருந்தால் மகன் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். நாய் தின்றிருக்கலாம் என்று நினைத்துப் பார்க்க அவர் விரும்பவில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நீங்க ஒரு ஜெபம் பண்ணணும் சிஸ்டர். போலீசு அவனப் பிடிக்கணும்" என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்க ஆன்டி. அவன் மனம் திரும்பணும்னு கேப்போம்."

"இல்ல. பிடிக்கணும்."

"கேப்போம் ஆன்டி. கண்ண மூடிக்குங்க."

அவர் மூடிக்கொண்டார். நான் ஆரம்பித்தேன். நல்ல ஜெபம் அது, என் தரத்தில் சொல்கிறேன். வழிதவறியவனைத் தேடிப் பிடிக்கிற அன்பு, இருளில் வெளிச்சம், எல்லாம் இருந்தது. நடுவில் ஒரு வாக்கியம் சொன்னேன். அதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நீங்களும் ஒருநாள் இதைச் செய்வீர்கள்: "ஆண்டவரே, பெற்ற பிள்ளைக்குக் கேடு நினையாமல், அவனை ஆசீர்வதிக்கிற இருதயத்தை இந்தத் தாய்க்குத் தாரும்."

அது ஆண்டவரிடம் சொன்னது அல்ல. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு நான் புத்தி சொன்னேன், ஆண்டவர் பெயரைப் போட்டு. நேருக்கு நேர் சொல்லியிருந்தால் அவர் எனக்குப் பதில் சொல்லியிருப்பார். கண்ணை மூடி கையைக் குவித்திருக்கிறவர் எப்படிப் பதில் சொல்வார்? நம் வேலையில் இருக்கிற பெரிய கோழைத்தனம் இதுதான். இதை யாரும் கண்டுபிடிப்பதும் இல்லை, ஏனென்றால் எல்லாரும் கடைசியில் "ஆமென்" சொல்லிவிடுவார்கள்.

தேவகி அம்மாவும் சொன்னார். எனக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை சபைத் தொலைபேசிக்கு அழைத்தார். அது அப்போது என் கையில்.

"சிஸ்டர், கோவிச்சுக்காதீங்க. நீங்க நல்லாதான் பேசுறீங்க. ஆனா அந்த லோரி தம்பிய அனுப்புங்க."

"சொல்றேன் ஆன்டி."

நான் சொல்லவில்லை.

அறுவடைக் காலம், அவர் இராப்பகலாக லோரி ஓட்டுகிறார், தொந்தரவு செய்யக்கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொன்னேன். காரணம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதே வாரத்தில் சபைக் கூரை ஒழுகுகிறது என்று அவருக்கு இரண்டு முறை செய்தி போட்டிருக்கிறேன். அவரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் ஏணியில் நின்றபோது நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் போதும். வாயில் வரவில்லை. எனக்கு, வார்த்தை வரவில்லை.

ஆறாம் நாள் தேவகி அம்மா மறுபடியும் அழைத்தார். "சொன்னீங்களா சிஸ்டர்?"

"சொல்லியிருக்கேன் ஆன்டி. அறுவடை லா, கொஞ்சம் பிஸி."

பொய்யை இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியும் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. அன்று காலையில் அரை மணி நேரம் முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தேன். அதையும் சேர்த்துச் சொல்கிறேன். நம் வேலையில் இரண்டும் ஒரே நாளில் நடக்கும்.

பதினோராம் நாள் சனிக்கிழமை. மாதத்துக்கு ஒருமுறை எல்லாத் தோட்டத்து ஆட்களும் கோலா சிலாங்கூருக்கு வந்து சேர்ந்து ஜெபிக்கிற நாள். மலைக் குரங்குகள் வழக்கம்போல கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கி வந்திருந்தன. லோரி அண்ணன் லோரியோடேயே வந்திருந்தார், ஆலையில் நெல்லை இறக்கிவிட்டு நேராக. சிந்திக் கிடந்த நெல்லைப் பொறுக்க நாலு குரங்குகள் பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தன. அவர் அவற்றை விரட்டிக்கொண்டிருந்தபோது பஸ் நிறுத்தத்திலிருந்து தேவகி அம்மா நடந்து வந்தார். என்னைத் தாண்டி நேராக அவரிடம் போனார்.

"தம்பி, அறுவடை முடிஞ்சிருச்சா?"

"எங்க ஆன்டி. இன்னும் ஒரு வாரம் இழுக்கும். ஏன்?"

"முடிஞ்சா வருவீங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. பதினோரு நாளா வாசலப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

லோரி அண்ணன் குரங்கை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். "எங்கிட்ட யாரும் சொல்லலையே ஆன்டி."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

என் நாக்கில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. மெசேஜ் போட்டேனே பிரதர், வரலையா? சுங்கை பெசார் பக்கம் லைன் எப்போதும் சரியில்லை, எல்லாரும் நம்புவார்கள். நான் பேச்சில் வேகமானவள் என்றேன் அல்லவா, அந்த வேகத்தில் அது பாதி வெளியே வந்துவிட்டது. "மெசேஜ்…" என்றேன். தேவகி அம்மா என்னை நம்பத் தயாராகத் தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டியதுதான் என்னைத் தடுத்தது.

"மெசேஜ் போடல. நான் சொல்லவே இல்ல. வேணும்னேதான் சொல்லல."

"ஏம்மா?"

"நீங்க அவரக் கேட்டீங்க. அதான்."

தேவகி அம்மாவுக்கு அது புரிய ஒரு நிமிடம் ஆனது. "இதுல என்னம்மா இருக்கு? ரெண்டு கடை இருந்தா ஒரு கடையில வாங்குவோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

லோரி அண்ணன் லோரிக் கதவைப் பூட்டினார். "இப்பவே போவோம். லோரிய இங்க விட்டுர்றேன். சிஸ்டர் கார்ல போயிரலாம்" என்றார்.

"அவங்க வந்தா அவங்கதான் பேசுவாங்க" என்றார் தேவகி அம்மா.

"பேச மாட்டாங்க ஆன்டி. கார் ஓட்டணும்ல."

தோட்டத்துக்குள் திரும்பியதும் தேவகி அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு, வாய்க்கால் ஓரத்தில் இருந்த தகரக் கொட்டகையைக் காட்டினார். "போன வாரம் வரைக்கும் அங்கதான் கெடந்தான். ரெண்டு நாள் அட மழை பாருங்க, அதுக்கப்புறம் ஆளக் காணோம். சோத்துப் பாத்திரம் வச்சது வச்ச மாதிரியே இருக்கு." நான் பாதையை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

வீட்டில் போய் உட்கார்ந்தோம். லோரி அண்ணன் எப்போதும் கேட்பதையே கேட்டார்.

"என்ன கேக்கணும் ஆன்டி?"

"சிஸ்டர்கிட்ட சொன்னதுதான். போலீசு அவனப் பிடிக்கணும்."

இப்போது நான் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அந்த நிமிடத்தில், பதினோரு நாள் செய்த பாவம் பிடரியில் உட்கார்ந்திருக்கும்போதே, நான் காத்துக்கொண்டிருந்தேன், இவர் இதில் விழுவார் என்று. இதற்கு இவருக்குப் பதில் தெரியாது, தடுமாறுவார், தப்பாக எதையாவது சொல்லுவார், அப்போது தேவகி அம்மாவுக்குத் தெரியும் என்று. விழவேண்டும் என்று ஆசைப்பட்டேன். கை குவித்துக்கொண்டு ஆசைப்பட்டேன்.

லோரி அண்ணன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். "பிடிச்சா உள்ள வச்சுருவாங்க ஆன்டி."

"உள்ள இருந்தா உசுரோட இருப்பான்ல."

"நீங்கதான் காட்டிக் குடுத்தீங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சிரும்."

"தெரியும். மூஞ்சியில முழிக்க மாட்டான்."

"அதையும் சொல்லலாம்ல."

"சாமிகிட்டயா? சொல்லலாமா?"

"சொல்லுங்க. நான் கூட இருக்கேன்."

"எனக்குத் தெரியாது தம்பி. உங்க சாமிக்குன்னு ஒரு பாஷ இருக்குல்ல, ஸ்தோத்திரம் அது இதுன்னு."

"எனக்கும் அது சரியா வராது ஆன்டி. இப்ப எங்கிட்ட பேசுனீங்கல்ல, அதையே அவர்கிட்ட சொல்லுங்க. அவரு தமிழ்லயே கேப்பாரு."

தேவகி அம்மா கண்ணை மூடவில்லை. சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "சாமி. அவனப் பிடிச்சிரணும். உசுரோட பிடிக்கணும். நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு தெரிஞ்சாலும் பரவால்ல. என்னைய வெறுத்தாலும் பரவால்ல." நிறுத்தினார். "பரவால்லன்னு சொல்றேன், ஆனா வெறுக்க வேண்டாம்." இன்னும் கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார். "அவ்வளவுதான்."

"ஆமென்" என்றார் லோரி அண்ணன்.

தேவகி அம்மா எழுந்து தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டார். முருகன் படத்துக்குப் பின்னால் கையை விட்டு, பிளாஸ்டிக் உறையில் இருந்த அடையாள அட்டையை எடுத்தார். "வாங்க, ஸ்டேசனுக்குப் போவோம். ரிப்போட் குடுக்கணும்."

"இப்பவேவா ஆன்டி?" என்று நான்தான் கேட்டேன்.

"இதுக்குத்தானே இத்தன நாளா காத்துக்கிட்டு இருந்தேன். சாமிகிட்ட ஒரு வார்த்த கேக்காம, பெத்த புள்ளைய எப்படிம்மா எழுதிக் குடுக்குறது?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவர் ஜெபத்தைக் கேட்டது போலீஸுக்குப் பதிலாக அல்ல. போலீஸுக்குப் போவதற்கான பலத்துக்காக. எஸ்தர் ஆன்டி தன் மருமகளைப் பற்றி ஆண்டவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னதை, அந்தக் குட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து இவர் கேட்டிருக்கிறார். இப்படியும் சொல்லலாம் போலிருக்கிறது, சொல்லவிடுகிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று நினைத்திருக்கிறார். அந்த ஆளுக்குத்தான் ஃபோன் செய்தார். நான் மறித்துக்கொண்டு நின்றேன்.

பிடிபடுவதற்கு முன் இயேசு கெத்செமனேயில் செய்த ஜெபத்தை எத்தனை முறை பிரசங்கமாகக் கேட்டிருக்கிறோம். அங்கே இயேசு முதலில் சொன்னது தனக்கு வேண்டாததை வேண்டாம் என்பதைத்தான். பிதாவின் சித்தம் என்பது அதற்கு அடுத்துதான் வந்தது. நான் வீடு வீடாகப் போய், முதலாவதைச் சொல்ல யாரையும் விடாமல், எல்லாருக்கும் பதிலாக இரண்டாவதை அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்லும்போது அதில் யாருடைய சித்தமும் இல்லை. என் குரல் மட்டும்தான் இருந்தது.

புகார் கொடுத்துவிட்டுத் தேவகி அம்மாவை வீட்டில் விட்டோம். திரும்பும்போது காரில் லோரி அண்ணனிடம் கேட்டேன், "இத யாரு பிரதர் உங்களுக்குக் கத்துக் குடுத்தா?"

"எத?"

"என்ன கேக்கணும்னு கேக்குறத."

அவர் சிரித்தார். "யாரு கத்துக் குடுக்குறது. மொத தடவ ஒரு வீட்டுல திடீர்னு ஜெபம் பண்ணச் சொல்லிட்டாங்க. ஒரு வார்த்த வரல சிஸ்டர், வேர்த்துக் கொட்டுது. பயத்துல அவங்களயே கேட்டேன், என்ன கேக்கணும்னு. அப்படியே பழகிப்போச்சு. உங்கள மாதிரி பேச வந்தா நான் எதுக்குக் கேக்கப்போறேன்."

நான் இத்தனை நாளாக நோட்டம் விட்டது ஒரு மனிதருடைய திக்கலை. அது தெரிந்ததும் பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டே இந்த மனிதர் என்னை முந்திவிட்டாரே என்று அதற்கும் ஒரு புதுப் பொறாமை வந்தது.

நான்காம் நாள் சுரேன் கிடைத்தான். இஜோக்கில் மூடிக்கிடந்த ஒரு கடைவீட்டின் பின்பக்கத்தில், உயிரோடு. காலில் காயம், சீழ் பிடித்திருந்தது. காயம்பட்டு ஒரு வாரத்துக்கு மேல் இருக்காது என்று டாக்டர் சொன்னார். வலது காலில் இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று. பிறகு மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார்கள். தேவகி அம்மா இரண்டு முறை போய்ப் பார்த்தார். அவன் வெளியே வரவில்லை. "உசுரோட இருக்கான்ல. கேட்டதத்தானே குடுத்தாரு" என்று என்னிடம் சொன்னார். மூன்றாம் முறையும் போவார்.

ஒரு வாரத்துக்குள் பட்ட காயம். அவன் அந்தக் கொட்டகையிலேயே கிடந்த நாட்களையும் சேர்த்து, பதினோரு நாள் நான் சொல்லாமல் வைத்திருந்தது. இந்த இரண்டையும் தேவகி அம்மா இன்னும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இதைச் சொல்லி ஆறு மாதமாக ஜெபிக்க முயல்கிறேன். தனியாக முழங்காலில் நின்றால் உடனே நல்ல வார்த்தைகள் வந்துவிடுகின்றன. "என் குறைவுகளை மன்னியும்." குறைவுகள். எவ்வளவு வசதியான சொல்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இதை நன்றாக ஜெபிப்பதைப் பற்றிய அறிவுரை என்று நினைக்காதீர்கள். யாராவது உங்களிடம் வேறொருவரைக் கேட்டால், அந்த நிமிடமே ஃபோனை எடுங்கள். முகம் வாடட்டும், பரவாயில்லை. வாடிய முகத்தோடு எண்ணை அழுத்துங்கள்.

நேற்று சபைத் தொலைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது, உங்களில் ஒருவர்தான் எடுத்தீர்கள். அழைத்தது நான். என் குரல் தெரிந்ததும் உற்சாகமாக, "சொல்லுங்க சிஸ்டர், ஜெபத்துக்கா? நானே வரேன்" என்றீர்கள். "லோரி அண்ணன அனுப்புங்க" என்றேன். "ஓ" என்றீர்கள். அந்த "ஓ" எனக்குத் தெரிந்த "ஓ" இல்லை. தேவகி அம்மாவுடையது ஏமாற்றம். உங்களுடையதில் என்னிடம் இருந்த அதே பொறாமை இருந்தது. ஆனால் பத்து நிமிடத்தில் லோரி அண்ணனிடமிருந்து எனக்குச் செய்தி வந்துவிட்டது: சனி, காலை பத்து மணி. பத்தே நிமிடம். உங்கள்மேலும் எனக்கு இப்போது கொஞ்சம் பொறாமை இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள்.

இடம் என் வீடு இல்லை. தேவகி அம்மா வீடு. அவரிடமும் கேட்டுவிட்டேன், எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை. சனிக்கிழமை லோரி அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். "என்ன கேக்கணும் சிஸ்டர்?" என்பார். கண்ணை மூடாமல் சொல்லிப் பார்க்கப்போகிறேன்: இவர் இந்த வீட்டில் விழவேண்டும் என்று ஆசைப்பட்டேன். பதினோரு நாள் மறைத்தேன். அந்த இரண்டு விரல்கள். நல்ல வார்த்தை எதையும் கொண்டுபோகவில்லை. அதற்குப் பிறகு தேவகி அம்மா என்ன சொல்லுவார் என்று தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் எஸ்தர் ஆன்டி வீட்டில் இருப்பார். எல்லாம் அவருக்கும் கேட்கும். கேட்கட்டும்.